"வளர்க்க விருப்பமில்லை" என்று ஒரு பெண் சொன்னால்: மகப்பேறு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே, ஆலோசகர்களே,

நாள் தள்ளிப்போய், பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடும் விழுந்த பிறகு ஒரு பெண் உங்கள் எதிரே வந்து உட்காருகிறாள். "எனக்கு இந்தக் குழந்தையை வளர்க்க விருப்பமில்லை" என்கிறாள். "அதனாலென்ன, பெற்றுத் தத்து கொடுத்துவிடலாமே" என்று உங்களில் சிலர் உடனே சொல்கிறீர்கள். வேறு சிலர் எதுவும் கேட்காமல் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பிக்கிறீர்கள். இரண்டுமே அவள் இன்னும் கேட்காத கேள்விக்கான பதில்.

அவளுக்கு முன்னால் இருப்பவை இரண்டு கேள்விகள். கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது ஒன்று. பிறந்தால் யார் வளர்ப்பது என்பது இன்னொன்று. முதலாவதுக்கு வாரக் கணக்கில் கெடு உண்டு. நாள் போகப் போக வழிகள் குறையும். இரண்டாவது அப்படியே தலைகீழ்: பிரசவத்துக்கு முன்னால் அதை முடித்துக் கையெழுத்து வாங்க யாருக்கும் உரிமை இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், அவசரம் வேண்டிய இடத்தில் தாமதமும் நிதானம் வேண்டிய இடத்தில் அவசரமும் வந்து சேர்கின்றன.

தத்து கொடுத்தால் வளர்க்கும் பொறுப்பு நீங்கும். கர்ப்பமும் பிரசவமும் அவள் உடம்பில்தான் நடக்கும். இந்த வித்தியாசம் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், கருக்கலைப்பு கேட்டு வந்த சுமார் 1,000 பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கெடு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டுப் பிள்ளை பெற்றவர்களில் தத்து கொடுத்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். மற்றவர்கள் தாங்களே வளர்த்தார்கள். ஆகவே "தத்து இருக்கிறதே" என்பதைக் கருக்கலைப்பை மறுப்பதற்கான சமாதானமாகச் சொல்லாதீர்கள்.

பேச்சைத் தொடங்கும் முன் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அது கணவராக இருந்தாலும், தாயாக இருந்தாலும். "எடை பார்க்க வேண்டும்", "சிறுநீர் எடுக்க வேண்டும்" என்று ஒரு காரணம் போதும். கலைக்கச் சொல்லி வற்புறுத்துகிறவர்களும் உண்டு, பெற்றே ஆக வேண்டும் என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. தனியாக இருக்கும் ஐந்து நிமிடத்தில்தான் எது அவளுடைய பேச்சு, எது மற்றவர்களுடையது என்று தெரியும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிட்டால் அவளுக்கு ஆபத்தில்லை என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாரக் கணக்கு. இதில் நடக்கும் தவறுதான் அதிகம். நாம் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. அவள் எண்ணுவது உறவு நடந்த நாளிலிருந்து. "நாலு வாரந்தான் ஆகுது" என்று அவள் சொன்னால் நம் கணக்கில் அது ஆறு. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் என்றால் ஏற்கெனவே ஐந்து வாரம். கருப்பதியும்போது படும் சிறு கசிவை மாதவிலக்கு என்று எண்ணி ஒரு மாதம் பின்தங்கியவர்களும் உண்டு. அதனால் "கடைசியாக எப்போது குளித்தாய்" என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தடவை வழக்கமான அளவு, வழக்கமான நாட்கள் பட்டதா என்று கேளுங்கள். தேதி நினைவில்லை, சுழற்சி ஒழுங்கில்லை, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது நின்றது, ஒரு பக்கமாக வலிக்கிறது என்றால் ஸ்கேன் தேவை. மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஸ்கேன் எடுக்கும்போது திரையைத் திருப்பி வையுங்கள், ஒலியை நிறுத்துங்கள். பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் காட்டுங்கள். பாடம் புகட்டுவதற்கான கருவியல்ல அது.

அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உறவு நடந்து 5 நாட்களுக்குள் கரு உண்டாகாமல் தடுப்பதற்கு. பரிசோதனையில் கர்ப்பம் உறுதியான பிறகு அதை விழுங்கினால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை, நாள்தான் வீணாகும்.

கலைப்பது என்று அவள் முடிவெடுத்தால், 12 வாரத்துக்குள் மாத்திரைகளே போதும். முதலில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், விழுங்குவதற்கு. 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. முதல் மாத்திரை கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனின் வேலையைத் தடுக்கிறது. இரண்டாவது கருப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றுகிறது. முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, ஒன்றும் படவில்லை என்று வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம், சீட்டில் எழுதியதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொல்லுங்கள். வாயைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு, மிசோப்ரோஸ்டால் நான்கையும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இரு பக்கமும் இரண்டிரண்டாக வைக்க வேண்டும். 30 நிமிடம் அப்படியே ஊற வேண்டும். மிச்சத்தைத் தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும். நாக்குக்கு அடியிலும் வைக்கலாம், யோனியிலும் வைக்கலாம். அரை மணி ஊறிய பிறகு வாந்தி வந்தால் கவலையில்லை, மருந்து உள்ளே போயிருக்கும். மிஃபெப்ரிஸ்டோன் விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென் கேட்கும், பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. வலி வந்த பிறகு தேடாமல், மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

மிசோப்ரோஸ்டாலின் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் அலுமினியத் தகடு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் குமிழாக இருந்தாலோ, தகட்டில் ஊசித்துளை விழுந்திருந்தாலோ, பிரித்துத் தாளில் மடித்துக் கொடுத்தாலோ காற்றின் ஈரம் மருந்தைக் கெடுத்துவிடும். மாத்திரை பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. பழி கடைசியில் பெண்ணின் மேல் விழும், "சரியா போடலை" என்று.

என்ன நடக்கும் என்பதையும் அளவோடு சொல்லுங்கள். மிசோப்ரோஸ்டால் வைத்துப் பெரும்பாலும் 1 முதல் 4 மணி நேரத்துக்குள் வலியும் இரத்தப்போக்கும் தொடங்கும். மாதவிலக்கைவிட அதிகமாக, கட்டியாகப் படும். குளிர் நடுக்கம், பேதி, முதல் நாளில் காய்ச்சல் எல்லாம் மருந்தின் விளைவுகள். ஒரு மணி நேரத்துக்குப் பெரிய நாப்கின் இரண்டுக்கு மேல் நனைந்து அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், 38 டிகிரிக்கு மேலான காய்ச்சல் மறுநாளும் விடாமல் இருந்தால், நாற்றமுள்ள வெள்ளை பட்டால் உடனே வர வேண்டும். 24 மணி நேரமாகியும் எதுவுமே படவில்லை என்றாலும் வர வேண்டும். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பக்க வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றால் அது உயிருக்கு ஆபத்து. நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர், அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ளவர், இரத்தம் உறையாத நோயுள்ளவர் அல்லது உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், போர்ஃபிரியா என்ற பரம்பரை இரத்த நிறமிக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு மாத்திரை முறை பொருந்தாது. உள்ளே காப்பர்-டி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

முடிந்ததா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதானால் நான்கு வாரம் கழித்துத்தான். அதற்கு முன் செய்தால் ஹார்மோன் மிச்சம் இருப்பதால் கோடு விழும், வீண் பயம் வரும். மசக்கை நிற்கவில்லை, மார்பு இன்னும் கனக்கிறது என்றால் மட்டும் நான்கு வாரம் காக்காமல் ஸ்கேன் பாருங்கள். கர்ப்பம் தொடர்வது அபூர்வம், ஆனால் மிசோப்ரோஸ்டால் கருவின் உருவமைப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதை மறைக்கக் கூடாது. சினைப்பையிலிருந்து கருமுட்டை எட்டே நாளில் மறுபடி வெளிவரலாம். கருத்தடை வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கருத்தடைக்கு ஒத்துக்கொண்டால்தான் கலைப்போம் என்று பேரம் பேசுவது மருத்துவமல்ல.

இரத்தப்போக்கோடு ஒருத்தி அவசரப் பிரிவுக்கு வந்தால், தானாகக் கலைந்ததா, மாத்திரை போட்டாளா என்று துருவ வேண்டாம். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றேதான்.

மாத்திரையைத் தவிர இன்னொரு வழி, கருப்பையில் இருப்பதைக் குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் வெற்றிட உறிஞ்சல். அது 14 வாரம் வரை. உறிஞ்சும் நேரம் 5 முதல் 10 நிமிடம். கருப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டால் முழு மயக்கம் தேவையில்லை. 60 மில்லி கைச்சிரிஞ்சும், ஏறக்குறைய வார எண்ணிக்கை அளவே மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயும் போதும். எடுத்த திசுவைக் கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, அடியிலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். பஞ்சுபோல் மிதக்கும் இழைகள் தெரியாவிட்டால் கரு வேறெங்கோ இருக்கலாம். முன்கூட்டியே நோய்க்கிருமிக் கொல்லி மருந்து இதற்குத்தான் வேண்டும், மாத்திரை முறைக்கு வேண்டாம். இன்னும் கூர்விளிம்புக் கருவியால் சுரண்டி "டி அண்ட் சி" செய்துகொண்டிருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று: அந்த முறையைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே எழுதியிருக்கிறது. பழக்கம் என்பது காரணமாகாது.

அதற்கு மேற்பட்ட வாரங்களில் வசதியுள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். எந்த வாரம் வரை, யார் கையெழுத்தில் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அவள் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாது. உங்கள் மனசாட்சி இடம் தரவில்லையென்றால், செய்யக்கூடியவரின் பெயரையும் நேரத்தையும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். "அடுத்த வாரம் வா" என்பது பல சமயம் மறுப்பின் இன்னொரு பெயர்.

இனி இரண்டாவது கேள்வி. பெற்றெடுப்பேன், வளர்க்க மாட்டேன் என்று அவள் முடிவு செய்தால், கர்ப்பகாலப் பராமரிப்பில் ஒரு குறையும் வைக்காதீர்கள். 12 வாரம் வரை ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், பிறகு இரும்புச்சத்து, மொத்தம் எட்டு முறையாவது பரிசோதனை. "வச்சுக்கப் போறதில்லையே" என்று அலட்சியம் காட்டும் இடத்துக்கு அவள் மறுமுறை வர மாட்டாள்.

தத்து என்பது பல ஏற்பாடுகளில் ஒன்று. தத்து கொடுத்தால் சட்டப்படியான தாய் என்ற நிலை முழுதாக முடிகிறது. உறவினர் வளர்ப்பது, நீதிமன்றம் பாதுகாவலரை நியமிப்பது, தற்காலிக வளர்ப்புக் குடும்பம் ஆகியவற்றில் பொதுவாக அப்படி முடிவதில்லை. ஒரு வருடம் கழித்துச் சூழ்நிலை மாறலாம் என்று நினைப்பவளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். தொடர்போடு கூடிய தத்தில் கடிதமும் படமும் வரும் என்று வாக்களிப்பார்கள். பல இடங்களில் அந்த வாக்கை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை நாடு விட்டு நாடு போகும் தத்துகளுக்கானது. தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், பணம் எதுவும் கைமாறியிருக்கக் கூடாது என்கிறது அதன் 4-ஆவது பிரிவு. 2008-இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தத்தெடுப்பு உடன்படிக்கை, பிறந்து குறைந்தது ஆறு வாரம் கழியட்டும் என்கிறது. பிரசவ அறையில், மயக்க மருந்து தெளியாத நிலையில் நீட்டப்படும் தாள் எதுவும் சம்மதமாகாது. கர்ப்பத்தின்போதே குடும்பத்தைத் தேடலாம், பேசலாம். வாக்குக் கொடுத்தவள் மனம் மாறினால் அது துரோகமல்ல.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்பவளுக்கும் சில நாடுகள் வழி வைத்திருக்கின்றன. பிரான்சில் பெயர் சொல்லாமலே பிரசவிக்கலாம். குழந்தையைத் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. ஜெர்மனியில் 2014 முதல் தாயின் உண்மைப் பெயர் உறையிலிட்டு முத்திரையிடப்படுகிறது; பிள்ளை 16 வயதில் அதைக் கேட்கலாம். இரகசியம் காக்கவே முடியாது என்று சொல்லும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை புரட்டுங்கள்.

"எனக்குத் தெரிந்த பிள்ளையில்லாத தம்பதி ஒன்று இருக்கிறது" என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. கைக்குக் கை மாற்றி, பிறப்புப் பதிவில் வேறு தாயின் பெயரை எழுதினால், நாளை அந்தப் பிள்ளைக்குத் தன் பிறப்பும் தெரியாது, குடும்பத்தில் வரும் நோயும் தெரியாது, சொத்து வழக்கு வந்தால் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்காது. பெற்றவளுக்கு மனம் மாறினாலும் கேட்டுப் போக ஒரு அலுவலகம் இருக்காது.

பிரசவத்துக்கு முன்பே அவளிடம் கேட்டு, ஏட்டில் எழுதி, இரவுப் பணிக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: குழந்தையைப் பார்க்க விரும்புகிறாளா, தூக்க விரும்புகிறாளா, பெயர் வைக்க விரும்புகிறாளா. சொன்னதை அந்த நேரத்தில் அவள் மாற்றிக்கொள்ளலாம். கைக்குழந்தைகள் அழும் வார்டில் கட்டில் போடாதீர்கள்.

பால் சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. குழந்தை கூட இல்லாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு நாட்களில் மார்பு கட்டிக்கொண்டு கனக்கும். வீட்டுக்குப் போன பிறகு, தனியாக இருக்கும்போது, உடுப்பு நனைந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. பிடிப்பான உள்ளாடை, குளிர் ஒத்தடம், ஐபுப்ரோஃபென். வலி தாங்க முடியாவிட்டால் இறுக்கம் தளரும் அளவுக்குக் கொஞ்சம் பீய்ச்சலாம். முழுதாக எடுத்தால் இன்னும் சுரக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மார்பில் சீழ் பிடிக்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே காபர்கோலின் 1 மில்லிகிராம் ஒருவேளை கொடுத்துப் பால் சுரக்காமல் தடுக்கலாம், இரத்த அழுத்தம் அதிகமுள்ளவருக்குக் கூடாது. ஆறாவது வாரப் பரிசோதனைச் சீட்டை அவளுக்கும் எழுதிக் கொடுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்கள் வரிசையில் நிற்க வேண்டாத ஒரு நாளாகப் பார்த்து.