கொட்டிலுக்கு வாடைக்காற்று மறைப்புக் கட்டுங்கள்

ஆசிரியருக்கு,

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்தன. மழையும் வாடைக்காற்றும் சேர்ந்தே கொன்றன. மயிர் நனைந்து தோலோடு ஒட்டினால் உடற்சூடு நிற்காது. மெலிந்த மாடும் கன்றும் முதலில் விழும்.

கொட்டிலின் வடகிழக்குப் பக்கத்தை மாட்டின் முதுகுக்கு மேல்வரை கிடுகால் அடையுங்கள். நாலு பக்கமும் தறப்பாளால் மூடவேண்டாம், மூத்திர நெடி மூச்சை அடைக்கும். நிலத்தில் அரை அடிக்குக் காய்ந்த வைக்கல் பரப்பி, ஈரமானதை அன்றன்றே அள்ளுங்கள். நனைந்த கன்றைச் சாக்கால் அழுத்தித் துடைத்த பிறகே வேறு காய்ந்த சாக்கைப் போர்த்துங்கள். ஈரத்தின்மேல் போர்த்தினால் குளிர் இன்னும் ஏறும். இரவில் வைக்கல் தாராளமாகப் போடுங்கள்; அது வயிற்றில் புளித்துச் செரிக்கும்போதே மாட்டுக்குச் சூடு பிறக்கிறது.

புயல் எச்சரிக்கை விடுவோர் அதில் கடற்றொழிலாளருக்குச் சொல்வதுபோல மாடு வளர்ப்போருக்கும் ஒரு வரி சேர்க்கவேண்டும்.

கால்நடை வளர்ப்போர் சிலர்,
தென்மராட்சி