கத்தரிக்கச் சொன்ன காட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ‘தி ஃபேமிலி மேன்’ வெப் சீரிஸின் இரண்டாவது சீசனுக்கு நீங்கள் போட்டிருந்த விமர்சனத்தைப் படித்தேன். உளவு வேலையை விட்ட ஹீரோ சேரும் ஐ.டி. கம்பெனி, முதல் எபிசோடில் வரும் அந்தக் காட்சிகள் வெறும் இழுவையாம், கத்தரித்திருக்கலாமாம். ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார் உங்கள் விமர்சகர். அவருக்கு என்ன வயதிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நான் 21 வருடம் தீயணைப்பு வண்டியில் போனவன். முழங்கால் போன பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரு தனியார் ஆபீஸில் சேர்ந்தேன். மேனேஜருக்கு என் மகன் வயது. சேர்ந்த வாரமே, “அங்கிள், அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?” என்று கேட்டான். வீட்டில்தான் தம்பி என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ரோட்டில் சைரன் கேட்டால் கால் தானாக மேஜைக்கு அடியில் ஷூவைத் தேடும். பழைய ஸ்டேஷன் பையனுக்கு போன் போட்டு, “எங்கப்பா, குடோனா?” என்று கேட்பேன். “அண்ணே, வண்டில இருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவான். மறுபடி எக்செல் ஷீட்.

ஹீரோ மனோஜ் பாஜ்பாய் அந்த ஐ.டி. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு பழைய வேலையில் கூட்டாளியான ஜே.கே.வுக்கு போன் போட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று துருவித் துருவிக் கேட்கிறாரே, அதைத்தான் உங்கள் ஆள் இழுவை என்கிறார். “மினிமம் கை”யாக, அதாவது பேருக்கு வேலை பார்க்கிற ஆளாக இருக்காதே என்று மேனேஜரான ஒரு சின்னப் பையன் பாடம் எடுக்கும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தாரா, இல்லை அந்த நேரத்தில் காபி போடப் போயிருந்தாரா? வேலையை விட்டவன் படும் பாட்டைக் காட்டாமல் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவிட்டால் அவன் திரும்பிப் போவதற்கு என்ன மரியாதை இருக்கிறது?

சரி, நீளம்தான் பிரச்சினை என்றால், சமந்தா முகத்தைக் கறுப்பாக்கியதைப் பற்றி ஊரே பேசியது, அதற்கு உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரிகூட இடமில்லையா? ஆனால் கிளைமாக்ஸை மட்டும் முழுசாகச் சொல்லிவிட்டீர்கள். 2019 செப்டம்பரில் முதல் சீசன் முடிவில் டெல்லி விஷவாயுவோடு அந்தரத்தில் விட்ட கதை. 2021 பிப்ரவரியில் அடுத்தது வருகிறது என்றார்கள், தள்ளிப்போய் ஜூன் 4-ஆம் தேதிதான் வந்தது. அவ்வளவு நாள் காத்திருந்தவன் ஒன்பது எபிசோடையும் பார்த்து முடிக்கும்வரை நீங்கள் ஒரு வாரம் பொறுக்கக்கூடாதா? இதையேதான் போன வருடமும் எழுதினேன். நான் உங்களைப் பாராட்டின மூன்று வரியை மட்டும் போட்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். கத்தரி உங்கள் ஆபீஸில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும் போல.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்கரனாக நடித்தவர் மைம் கோபி, தீபனாக வந்தவர் அழகம்பெருமாள். இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்