வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், பத்துதான் நடந்தன. ஒன்று புயலில் மின்சாரம் போனதால் நின்றது. இன்னொரு நாள், நாம் வழக்கமாகக் கூடும் மண்டபத்தை அதே நேரத்துக்கு ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் கொடுத்திருந்தார்கள். பலூன்களுக்கு நடுவே கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கலைந்தோம்.

ஹியூஸ்டனில் இத்தனை வருடம் இருந்தும் ஊருக்குப் பெயர் தந்த சாம் ஹியூஸ்டனைத் தாண்டி யாரையும் படித்ததில்லையே என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த குறையால், இவ்வாண்டு, 1836-இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்து அமெரிக்காவோடு சேரும்வரை தனிநாடாக இருந்த டெக்சஸ் குடியரசின் கடைசி அதிபர் ஆன்சன் ஜோன்ஸை எடுத்துக்கொண்டோம்.

மாசச்சூசெட்ஸின் கிரேட் பேரிங்டனில் 1798-இல் பிறந்தவர். 1820-இல் மருத்துவம் பார்க்க உரிமம் கிடைத்தது, வருமானம் கிடைக்கவில்லை. மருந்துக் கடை வைத்தார், படுத்துவிட்டது. மேற்கே பிழைக்கக் கிளம்பியவரைக் கடன்காரர் பிலடெல்பியாவில் மடக்கினார். வெனிசுவேலாவில் இரண்டு வருடம். திரும்பிவந்து 1827-இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம். அப்புறம் வைத்தியமே வேண்டாமென்று நியூ ஆர்லியன்ஸில் வியாபாரம். அதுவும் நொடித்தது. 1833-இல் டெக்சஸின் பிரசோரியாவுக்கு வந்த பிறகுதான் தொழில் கைகொடுத்தது. மெக்சிகோவை எதிர்த்து விடுதலைக்காக நடந்த 1836 சான் ஜசிந்தோ போரில் மருத்துவர் வேலை பார்த்தும் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். பிறகு காங்கிரஸ் எனப்பட்ட டெக்சஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர், அமெரிக்காவுக்குத் தூதர், வெளியுறவுச் செயலர், 1844 டிசம்பரில் அதிபர்.

குரல் உயர்ந்த கூட்டம் 1845 பற்றியது. அமெரிக்காவோடு சேராமல் இருந்தால் உங்கள் சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறோம் என்ற மெக்சிகோவின் வாக்கை, பிரிட்டன், பிரான்ஸ் தூதர்கள் வழியாக ஜோன்ஸ் வாங்கிக்கொண்டார். இணைப்பா, தனிநாடா என இரண்டையும் காங்கிரஸின் முன் வைத்தார். அதுவரை அவர் வாய் திறக்காமல் இருந்ததைப் பொறுக்காமல் மக்கள் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்றார்கள் நம்மில் பாதிப் பேர். மழுப்பல் என்றார்கள் மீதிப் பேர். என் கட்சி முதலாவது. காங்கிரஸ் இணைப்பையே தேர்ந்தது. 1846 பிப்ரவரி 19 அன்று ஆஸ்டினில், டெக்சஸ் குடியரசு இனி இல்லை என்று அறிவித்துத் தன் பதவியைத் தானே முடித்துவைத்தார்.

வசந்தத்தில் வாஷிங்டன்-ஆன்-த-பிரசோஸ் போய்வந்தோம். தன் பண்ணைக்குப் பிறந்த ஊரின் நினைவாக பேரிங்டன் என்று பெயரிட்டிருந்தார். அவ்வீட்டைப் பிற்பாடு இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அக்கால உடையில் ஆட்கள் பண்ணை வேலை செய்து காட்டுகிறார்கள். குழந்தைகள் மாடுகளை விட்டு நகரவில்லை. பெரியவர்கள் நின்றது, அடிமைகள் குடியிருந்த மாதிரிக் கட்டிய சின்னக் குடில்கள் முன்னால். கொண்டுபோன புளியோதரையைப் பிரிக்க அதன்பின் வெகுநேரம் ஆயிற்று. இணைப்பால் அமெரிக்காவுக்குக் கிடைத்தது இன்னொரு அடிமை மாநிலம் என்பதை நம் விவாதத்தில் அதுவரை யாரும் எடுக்கவில்லை. பட்டியல் தயாரித்த நானும்தான்.

இணைப்புக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தன்னை அனுப்புவார்கள் என்று ஜோன்ஸ் காத்திருந்தார். சாம் ஹியூஸ்டனையும் தாமஸ் ரஸ்க் என்ற இன்னொரு தலைவரையும் அனுப்பினார்கள். 1849-இல் குதிரையிலிருந்து விழுந்து இடது கை சூம்பிப்போயிற்று. நம் உறுப்பினரான எலும்பு மருத்துவர் அதைப் பற்றியே அரை மணி பேசினார். 1857-இல் செனட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஜோன்ஸ் மறுபடி நம்பினார், ஒரு ஓட்டும் விழவில்லை. 1858 ஜனவரி 9 அன்று ஹியூஸ்டனில் ஒரு ஓட்டலில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த ஓட்டல், அவர் முதன்முதலில் காங்கிரஸ் உறுப்பினராக உட்கார்ந்த பழைய நாடாளுமன்றக் கட்டடம். இடம் நம் ஊர் நடுவிலேயே, டெக்சஸ் அவென்யூவும் மெயின் தெருவும் சந்திக்கும் முனை. இப்போது ரைஸ் ஓட்டல் கட்டடம் அடுக்குமாடி வீடுகளாக நிற்கிறது. டிசம்பர் கூட்டம் முடிந்து எட்டுப் பேர் அங்கே போய் நின்றோம். நாயைக் கூட்டிவந்த ஒரு பெண்மணி, வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்