நாயை வெளியில் கட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழிகாட்டி நாய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். முதல் உலகப் போரில் பார்வை இழந்த நால்வருக்கு 1931இல் இங்கிலாந்தின் வாலசியில் நாய்களைப் பழக்கிக் கொடுத்த கதையெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் அப்படி ஒரு நாயுடன் எங்கள் ஆட்களின் கடைக்குள் போனால் என்ன நடக்கும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

என் பெரியம்மாவின் மகளுக்குப் பார்வை இல்லை. அவளும் அவளுடைய வழிகாட்டி நாயான லாப்ரடோரும் நானும் அண்மையில் ஒரு தமிழ் உணவகத்துக்குப் போனோம். "அக்கா, நாயை வெளியில கட்டிப்போட்டு வாங்கோ, ஆக்கள் சாப்பிடுற இடம்" என்றார் கல்லாவில் நின்ற தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது கண்ணைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வா என்பது போல. சாப்பிடாமலே திரும்பினோம்.

முன்கூட்டியே சொல்லி எடுக்கும் வாடகைக் காரான மினிகேப்பிலும் இதே கதைதான். நாயைக் கண்டதும் "எனக்கு அலர்ஜி" என்பார்கள். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி டாக்சியோ மினிகேப்போ வழிகாட்டி நாய் போன்ற உதவி நாயை ஏற்றியே ஆகவேண்டும், மேலதிகக் காசும் கேட்கக் கூடாது. மறுத்தால் 1000 பவுண்ட் வரை அபராதம். உண்மையிலேயே அலர்ஜி உள்ளவர், மருத்துவச் சான்றைக் காட்டி, லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் விலக்குப் பத்திரம் எடுத்து வைத்திருக்க வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. சமயத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. (வைரவருக்கு வடைமாலை சாத்துகிற நாங்கள் அவருடைய வாகனத்தை வாசலில் மறிப்பது வேறு கதை.)

பயம் எனக்கும் விளங்குகிறது. ஊரில் விசர்நாய்க்குப் பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த நாய்கள் குட்டியிலேயே தொண்டர் வீடுகளில் வளர்ந்து, பஸ், கடை, சனக்கூட்டம் எல்லாம் பழகி, பிறகு தனிப் பயிற்சியும் முடித்து, ஏறக்குறைய இரண்டு வயதில்தான் வேலைக்கு வருகின்றன. மலசலம் கழிப்பதற்குக்கூடச் சொல் பழக்கியிருக்கிறார்கள். இடம் கொடுத்த கடைகளில் எங்கள் நாய் மேசைக்கடியில் அவளுடைய சப்பாத்தில் நாடியை வைத்துப் படுத்திருக்கும். தோசை வந்தாலும் தலை தூக்காது.

நாய்க்கு வழி தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். வழி அவளுடைய தலைக்குள்தான் இருக்கிறது. சிக்னலின் நிறம் பார்த்து நாய் றோட்டைக் கடப்பதுமில்லை. எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவள் அவள். நடைபாதை விளிம்பு வந்தால் அது நிற்கும், கம்பம் வந்தால் விலகும், அந்த அசைவு நாயின் மேல் மாட்டியிருக்கும் கைப்பிடி வழியாக அவளுக்குத் தெரியும். அவள் "போ" என்று சொன்ன நேரத்தில் கார் வந்தால் சொல் கேளாமல் நின்றுவிடும். ஈஸ்ட்ஹாமில் எங்கள் கடைகளின் முன்னால் முருங்கைக்காய்ப் பெட்டியும் வாழைக்காய்ப் பெட்டியும் நடைபாதைக்கு வந்துவிடுகின்றன. இரண்டு பேர் சேர்ந்து போக இடைவெளி இல்லாவிட்டால் அங்கேயும் நின்றுவிடும். அப்போது யாரும் நாயைத் தடவவோ மிக்சர் போடவோ வேண்டாம். "எந்தப் பக்கம் போகவேணும்?" என்று அவளிடம் கேட்டால் போதும்.

டாக்சிக்கு மட்டுமல்ல, கடை, உணவகங்களுக்கும் உரிய சட்ட விவரத்தைச் சேர்த்து ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டக்கூடிய அளவில் இருந்தால் நல்லது. முதலாளி இல்லாத நேரத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் அது முக்கியமாகத் தேவை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட்ஹாம், லண்டன்