ஆலோசகராகச் சேர்ந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

கலிஃபோர்னியாவின் சாலினாஸில் லெட்டூஸ் கீரை வயல்களில் வேலை செய்யும் மெக்சிகோ குடும்பத்துப் பிள்ளைகள், கணினி அறிவியல் படிக்கணும் என்று இனி உன் மேசைக்கு வருவார்கள். உங்கள் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறவேண்டியவர்கள். எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இருக்காது.

முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கால்குலஸ் ஒன்று, இரண்டு, பிறகு லீனியர் அல்ஜிப்ரா. இன்னொரு பக்கம் புரோகிராமிங், தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் கணிதம். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. "முதலில் பொதுப் பாடங்களை முடி" என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்களால்தான் இரண்டு வருடப் படிப்பு மூன்றாகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பம் இரண்டாம் வருட நவம்பர் வாக்கில் போகவேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண் மட்டுமே. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது, இங்கே படித்த எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடு என்பது வளாகத்துக்கு வளாகம் வேறுபடும். அந்த ஈடுகளைக் காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்துவைத்து, நான்கு செமஸ்டருக்கும் அட்டவணையை மாணவனையே எழுதவை. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், தகுதியை எட்டினால் இடம் நிச்சயம் என்று தரும் மாற்ற உத்தரவாதத்துக்குச் செப்டம்பரில் மனுப் போடலாம். ஆனால் கணினி அறிவியலுக்கு அதைத் தராத வளாகங்களும் உண்டு, முன்பே பார்த்துவிடு. மூன்றே வருடத்தில் பட்டம் வேண்டுமென்றால் ஹார்ட்னெல் கல்லூரியும் மான்டரே பே பல்கலைக்கழகமும் 2013-இல் தொடங்கிய சிஎஸ்-இன்-3 என்ற கூட்டுத் திட்டம் இருக்கிறது. ஒரே குழுவாகச் சேர்ந்து படிப்பதுதான் அதன் பலம் என்பேன்.

பலர் கழன்றுகொள்ளும் இடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் முகவரியை, அதாவது பாயின்டரை, வைத்திருக்கும் சங்கிலி. அதைத் தலைகீழாக்கும்போது, அடுத்த கணுவின் முகவரியை எடுத்துவைக்காமல் பாயின்டரைத் திருப்பிவிடுவார்கள். முதல் கணு மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். தாளில் மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரையச் சொல், தவறு கண்ணுக்கே தெரியும். பள்ளியிலேயே புரோகிராம் எழுதிப் பழகியவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்த்து இவர்கள் "நமக்கு இது வராது" என்று பாடத்தையே விட்டுவிடுவார்கள். அவன் முன்னால் தொடங்கியவன், அவ்வளவுதான். ஆசிரியரின் அலுவலக நேரம் சந்தேகம் கேட்பதற்குத்தான், அது தொந்தரவு இல்லை என்று நீதான் சொல்லணும்.

பணத்துக்கு ஃபாஃப்சா, மத்திய அரசின் கல்வி உதவிக்கான படிவம். அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி அடையாள எண் இல்லாத பெற்றோரும் அதில் கணக்குத் தொடங்கலாம். எண் கேட்கும் இடத்தில் எதையும் இட்டு நிரப்பக்கூடாது. மாணவனுக்கே குடியேற்ற ஆவணம் இல்லையென்றால் மாநிலத்தின் கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம். பெற்றோர் விவரத்தைத் தரப் பயப்படும் குடும்பங்களும் அந்த வழியில் போகலாம், ஆனால் மாநில உதவி மட்டும்தான், மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை கிடைக்காது. இந்த நஷ்டத்தைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விடு. கலிஃபோர்னியா மாநிலம் தரும் 'கால் கிராண்ட்' உதவித்தொகைக்கு வழக்கமான கெடு மார்ச் 2.

ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. சுமார் பத்து வாரம், உதவித்தொகை உண்டு, மனுக்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். குடியுரிமையோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டையோ கட்டாயம். கணினி அறிவியல் முனைவர் படிப்பில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதாமாதம் சம்பளமே தருவார்கள். இதைப் பெற்றோரை நேரில் அழைத்து ஸ்பானிஷில் சொல். தெரியாததால்தான் பிள்ளையை வேலைக்குப் போ என்கிறார்கள்.

முதல் மாணவனின் அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா