ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெங்களூர் தொட்டதோகூர் வீட்டைக் காலி பண்ணிவிட்டு நீயும் மாப்பிள்ளையும் ஓசூருக்குக் குடிபோக யோசிப்பதாக அம்மா சொன்னார்கள். வாடகையில் மாதம் பத்தாயிரம் மிச்சம், சேலம் வந்துபோவது சுலபம், கடையிலும் ஆஸ்பத்திரியிலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். மூன்றுமே நியாயமான காரணங்கள். நம் சேலத்தில் அம்மாப்பேட்டையிலும் அஸ்தம்பட்டியிலும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு ஓடுவதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் லாபமா நஷ்டமா என்பதை வாடகை தீர்மானிப்பதில்லை. மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டிய பிறகு உங்கள் ஆபீஸ் வாசல் வரைக்கும் எப்படிப் போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. உனக்கு ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில், மாப்பிள்ளைக்கு ஒயிட்ஃபீல்டில். இரண்டும் வேறு வேறு கணக்கு.

உன் கணக்கை முதலில் போடுவோம். இப்போது ஆபீஸ் 6 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து சுமார் 22. போகவர 32 கிலோமீட்டர் கூடுதல்; மாதம் 22 நாள் வேலை என்றால் 704 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் மேனிக்கு ஏறக்குறைய 1,560. டயர், சர்வீஸ் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வை, 700. பத்தாயிரத்தில் 7,700 சொச்சம் கையில் நிற்கும். நேரம்? ஒரு வழிக்கு முக்கால் மணி கூடுதல் என்றால் மாதம் 33 மணி நேரம். அதாவது அந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் 234 ரூபாய்க்கு விற்கிறாய்.

இதையே காரில் போட்டுப் பார். லிட்டருக்கு 14 என்றால் பெட்ரோலுக்கே 5,000. தேய்மானம் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய், 2,100. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியை மாதம் 44 முறை தாண்ட வேண்டும். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த ஃபாஸ்டேக் வருடப் பாஸ் 3,000 ரூபாய்க்கு 200 முறை என்றுதான் தொடங்கியது. பெயர்தான் வருடப் பாஸ். தினமும் போகிறவருக்கு நாலரை மாதத்தில் தீர்ந்துவிடும். அந்த மேனிக்கு மாதம் 660. எல்லாம் போக மிஞ்சுவது 2,240 ரூபாய், மணிக்கு 68. தனி ஆளாகக் காரை ஓட்டிக்கொண்டு ஓசூரிலிருந்து போய்வருவதில் அர்த்தமே இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

உனக்கு ஒத்துவரக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, கம்பெனி பஸ். ஓசூர் வரை வருகிறதா, அத்திப்பள்ளியோடு நின்றுவிடுகிறதா என்று டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் எழுத்தில் கேட்டு வாங்கு. நைட் ஷிஃப்ட் வந்தால் இது இன்னும் முக்கியம். கர்நாடக பர்மிட் மட்டும் உள்ள வாடகைக் கார் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டுமென்றால் தனி பர்மிட், தனி வரி. ராத்திரி ஒரு மணிக்கு டிரைவர் எல்லையில் வண்டியை ஓரங்கட்டி "இங்கேயே இறங்கிக்குங்க" என்றால் என்ன செய்வாய்? அந்தப் பதில் தெரியாமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

இன்னொன்று, பஸ்ஸில் பொம்மசந்திரா வரை, அங்கிருந்து மெட்ரோ. 2025 ஆகஸ்டில் திறந்த யெல்லோ லைன் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். ஆரம்பத்தில் மூன்றே ரயிலை வைத்துக்கொண்டு 25 நிமிஷத்துக்கு ஒன்று ஓட்டினார்கள். ரயில் வரவர இடைவெளி குறைந்தது. நீ போகும் நேரத்து இடைவெளியை ஆப்பில் பார்த்துக்கொள். நெரிசல் நேரத்தில் பொம்மசந்திராவுக்கு வடக்கே ரோட்டை நம்புவதைவிட மெட்ரோ எவ்வளவோ மேல். ஆனால் பொம்மசந்திரா வரைக்கும் ரோடுதான். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்நாட்டுப் பக்கம் வரும் வண்டியெல்லாம் அத்திப்பள்ளியில் குவியும். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் அங்குள்ள பட்டாசுக் கடைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

"மெட்ரோ ஓசூருக்கே வரப்போகிறது" என்று புரோக்கர் சொல்வார். வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். யெல்லோ லைன் ஓடுவது தண்டவாளத்தின் ஓரத்தில் உள்ள மூன்றாவது கம்பியில் வரும் 750 வோல்ட் டிசி மின்சாரத்தில். ஓசூர் நீட்டிப்புக்காகத் தமிழ்நாடு தரப்பில் தயாரித்த ஆய்வறிக்கை, மேலே கம்பி கட்டும் 25,000 வோல்ட் ஏசி முறையைச் சொன்னது. இரண்டும் ஒரே ரயிலுக்குப் பொருந்தாது என்று பெங்களூர் மெட்ரோ நிறுவனம் ஆட்சேபம் சொன்னது. இரண்டு மாநிலம் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. வரப்போகும் மெட்ரோவுக்காக இன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் வாடகை கொடுக்காதே.

மாப்பிள்ளை விஷயம் வேறு. ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ வழி என்றால் ஆர்.வி. ரோட்டில் மாறி, மெஜஸ்டிக்கில் மறுபடி மாறி, ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். ரோட்டு வழி அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபூர், தொம்மசந்திரா, வர்த்தூர். தூரம் குறைவாகத் தெரியும். வர்த்தூர் பக்கம் நெரிசல் ஆரம்பித்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ரயிலில் ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு வழியாகப் பையப்பனஹள்ளி போகலாம். ஆனால் அந்தப் பாதையில் இரட்டைப் பாதை வேலை முழுதாக முடியும்வரை எதிர் ரயிலுக்காக நிற்பது தீராது. ஒரு மெமு பாசஞ்சர் ரயிலை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் ஆகும். கோவை வந்தே பாரத் ஓசூரில் நிற்கிறது என்றாலும் அது ஆபீஸ் நேரத்துக்கு ஓடும் ரயில் இல்லை. வாரம் இரண்டு நாள் போனால் போதும் என்றால் அவர் சமாளித்துக்கொள்வார். ஐந்து நாளும் என்றால் ஓசூர் வேண்டாம். அவர் தினமும் நான்கு மணி நேரம் வண்டியில் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், மிச்சமான பத்தாயிரத்தை யாருக்காக மிச்சம் பிடித்தோம் என்று ஆகிவிடும்.

அப்படியானால் சந்தாபுராவைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியைவிட வாடகை குறைவு, மெட்ரோவுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான், எல்லை தாண்டும் தொல்லை இல்லை. ஓசூர் அளவுக்கு மிச்சமாகாது, பாதி மிச்சமாகும்.

ஓசூர்தான் என்று முடிவானால் எந்த ஏரியா என்பது பெரிய விஷயம். ஜுஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி ஆகியவை பெங்களூர் பக்கம் இருப்பதால் ஊருக்குள் நுழையாமலே ஹைவே ஏறலாம். ஆனால் சிப்காட் பக்கம் என்பதால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லாரியும் கம்பெனி பஸ்ஸும் அடைத்துக்கொள்ளும். மத்திகிரி, ராயக்கோட்டை ரோடு, தளி ரோடு பக்கம் வீடு அமைதியாக இருக்கும், வாடகையும் குறையும். ஆனால் தினமும் காலையில் ஓசூரைக் கடக்கவே இருபது நிமிஷம் போகும். பஸ் ஸ்டாண்டில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், சேலம், தர்மபுரியிலிருந்து வரும் பஸ்கள் காலையில் நிரம்பித்தான் வரும்.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறைக் குழாயின் வாயைத் தடவிப் பார். வெள்ளையாகப் படிந்து சொரசொரவென்று இருந்தால் முழுக்க போர் தண்ணீர். கீஸரின் காயில் அடிக்கடி போகும், துணி வெளுக்காது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதே. பக்கத்துப் போர்ஷன் அம்மாவிடம் கேள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் அந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. குழந்தை இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

அடுத்து மீட்டர். உன் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்க வேண்டும். மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் யூனிட் கூடிக்கொண்டே போய் மேல் ஸ்லாபில் விழும், அதை உங்கள் தலையில் பங்கு போடுவார்கள். இப்போது அங்கே கர்நாடக அரசின் கிருகஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள் உங்கள் சராசரியை ஒட்டிய அளவுக்குக் கரண்ட் இலவசம். தமிழ்நாட்டில் பல வருஷமாக இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசமாக இருந்தது; இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள். அங்குள்ள சக்தி திட்டத்தில் நீ இலவசமாகப் பஸ் ஏறுவதும் கர்நாடக முகவரி அட்டையை வைத்துத்தான். ஆதாரை ஓசூருக்கு மாற்றினால் அது போய்விடும். தொழில் வரி மட்டும் மாறாது. வேலை பார்க்கும் மாநிலத்துக்குத்தான் பிடிப்பார்கள். இலவசக் கரண்டும் இலவச பஸ்ஸும் போவதைப் பத்தாயிரத்தில் கழித்துக்கொள்.

ஸ்கூட்டர் சேலம் நம்பர் என்பதால் சிக்கல் இல்லை. ஆர்.சி.யில் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, வாடகை ஒப்பந்த நகலை வண்டியில் வை. மாப்பிள்ளையின் கார் கே.ஏ. நம்பர். ஓசூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை.

காவிரிப் பிரச்சினை வந்தால் முதலில் அடைபடுவது இந்த எல்லைதான். 2016 செப்டம்பரிலும், 2023 செப்டம்பர் 26, 29 பந்த் நாட்களிலும் தமிழ்நாட்டு பஸ்கள் கர்நாடகத்துக்குள் போகவில்லை. அந்த மாதிரி நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டா என்று மேனேஜரிடம் இப்போதே பேசி வை.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் ஒத்திகை பார். ஓசூரில் ஒரு லாட்ஜோ சிநேகிதி வீடோ பிடித்து, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கிருந்தே ஆபீஸ் போ. வீட்டுக் கதவைப் பூட்டிய நேரம், அத்திப்பள்ளி தாண்டிய நேரம், ஆபீஸில் கார்டு தேய்த்த நேரம் மூன்றையும் போனில் குறி. திரும்பும்போதும் அப்படியே. திங்கள் காலையையும் வெள்ளி மாலையையும் விட்டுவிடாதே. ஐந்து நாளில் மோசமான நாளை வைத்து மேலே உள்ள கணக்கில் முக்கால் மணிக்குப் பதிலாகப் போட்டுப் பார். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாக வந்தால் நான் வேண்டாம் என்பேன்.

ஓசூரில் சொந்த வீடு வாங்கும் பேச்சை ஒரு வருஷத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. ஐம்பது லட்சத்துக்கு நாலரை லட்சம். ஸ்கூட்டர் கணக்கில் மிஞ்சும் வாடகையைச் சேர்த்தால்கூட அதை அடைக்க ஐந்து வருஷம் ஆகும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், 2017 வாடகைச் சட்டப்படி பதிவும் செய்துவிடுங்கள். பதினோரு மாதம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்ற வரி இருந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று மாற்றி எழுதச் சொல். ஒத்துக்கொள்ளாத வீட்டுக்காரர் வேண்டாம். குறித்த நேரங்களை எனக்கு அனுப்பு, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்
சேலம்