எத்தெல் ஜாக்ஸுக்கு ஒரே ஒரு வரி தானா?

வணக்கம் ஆசிரியர் சார்,

உங்க பேப்பரை பின்பக்கத்துலேர்ந்து படிக்க ஆரம்பிக்கிற ஆளு நான், முதல்ல ஸ்போர்ட்ஸ், அப்புறம் தான் மத்த நியூஸ் எல்லாம். அந்த உரிமையில தான் இந்த லெட்டர். ஆப்பிரிக்கான்னு வந்தாலே உங்களுக்கு ஒண்ணு ஃபுட்பால், இல்லன்னா மாரத்தான், அதைத் தாண்டி எதுவும் வந்து நான் பாத்ததில்ல. அதுலயும் கானான்னா போச்சு, 2010 உலகக்கோப்பை காலிறுதியில கானா அடிச்சு கோலுக்குள்ள போக இருந்ததை உருகுவேயோட சுவாரஸ் கையால தட்டிவிட்ட அந்த பந்து. அதையே எத்தனை தடவை சார் எழுதுவீங்க?

வேலை விஷயமா கானா தலைநகர் அக்ராவுல சில வருஷம் இருந்துட்டு வந்தவன் நான். சாயந்தரம் ஆனா டேபிள் டென்னிஸ் பேட்டை எடுத்துட்டு டேபிள் எங்க காலியா இருக்குன்னு தேடிப் போற பழக்கம் அங்கயும் விடல. ஹர்மட்டான் காத்துன்னு ஒண்ணு அடிக்கும், டிசம்பர் ஜனவரியில சஹாரா பக்கத்துலேர்ந்து மண்ணை அள்ளிட்டு வரும், பத்து நிமிஷம் ஆடினா பேட்டுல ஒட்டியிருக்கிற ரப்பர் மேல பொடி படிஞ்சு ஸ்பின்னே ஏறாது, தொடைச்சு தொடைச்சு ஆடணும். அப்படி ஒரு நாள் தொடைச்சுட்டு இருந்தப்ப தான் கூட ஆடின ஒரு பெரியவர் எத்தெல் ஜாக்ஸ் பேரை சொன்னார். யாருன்னு நான் கேட்டதும் அவர் மூஞ்சி போன போக்கு இருக்கே, இத்தனை வருஷமா இந்த கேம் ஆடுறியே, இது கூடவா தெரியாதுங்கற மாதிரி.

ரூமுக்கு வந்து தேடினேன். கிடைச்சது ஒரு வரி. 1968-லேர்ந்து 1974 வரைக்கும் ஆப்பிரிக்க டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப்ல சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம்னு மூணுலயும் பல மெடல் வாங்கின கானா வீராங்கனை, அவ்ளோ தான். யாரை ஜெயிச்சாங்க, ஸ்கோர் என்ன, அட்டாக் ஆடுவாங்களா டிஃபென்ஸா, ஒண்ணும் இல்ல.

அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருக்குன்னு ஆடினவங்களுக்கு தான் சார் தெரியும். அப்போ ஒரு கேம் 21 பாயின்ட், ஆளுக்கு அஞ்சு சர்வீஸ், பந்து 38 மில்லிமீட்டர், இப்போ இருக்கிற 40-ஐ விட சின்னது, அதனால வேகமும் ஜாஸ்தி சுழலும் ஜாஸ்தி. பந்தை பெருசாக்கினது 2000-ல, 11 பாயின்ட் வந்தது 2001-ல. ஒரே டோர்னமென்ட்ல டீம் மேட்ச் ஆடி, டபுள்ஸ் ஆடி, அதே காலோட சிங்கிள்ஸும் ஆடணும். சிங்கிள்ஸ்ல கெட்டிக்காரங்களா இருக்கறவங்க டபுள்ஸ்ல சொதப்புறதை நிறைய பாத்திருக்கேன், ஏன்னா ஒவ்வொரு அடிக்கும் நகர்ந்து பார்ட்னருக்கு வழி விடணும், அது வேற மாதிரி கால். மூணுலயும் மெடல், அதுவும் இத்தனை வருஷம் விடாமன்னா சும்மா இல்ல. அந்த நாடு அப்போ இருந்த நிலைமையையும் பாருங்க, 1966-ல ராணுவம் அதிபர் நிக்ரூமாவை இறக்கிச்சு, 1969-ல மக்கள் ஆட்சி வந்துச்சு, 1972 ஜனவரியில திரும்ப ராணுவம். ஸ்போர்ட்ஸுக்கு யார் காசு தருவாங்கன்னே தெரியாத காலத்துல ஒரு பொண்ணு வெளிநாடு போய் மெடலோட வர்றாங்க.

அப்புறம் ஏன் வெளிய யாருக்கும் தெரியல? நான் யோசிச்ச வரைக்கும் காரணம் ரொம்ப சிம்பிள். அவங்க ஆடின காலத்துல டேபிள் டென்னிஸ் ஒலிம்பிக்ஸ்லயே கிடையாது, 1988 சியோல்ல தான் சேர்த்தாங்க. காமன்வெல்த் கேம்ஸ்ல வந்தது இன்னும் லேட், 2002 மான்செஸ்டர். அதே நாட்டுக்காரங்க, அதே காலத்து ஆளு, ஓட்டக்காரி ஆலிஸ் ஆனம், 1970 எடின்பரோ காமன்வெல்த்ல 100 மீட்டர், 200 மீட்டர் ரெண்டுலயும் வெள்ளி வாங்கினாங்க, அது எல்லா ரெக்கார்ட் புக்லயும் பத்திரமா இருக்கு. ஆனம் சாதிச்சதை குறைச்சு சொல்லல, அவங்க வேற லெவல். ஆனா ஒருத்தங்களுக்கு உலகமே பாக்குற மேடை இருந்துச்சு, இன்னொருத்தங்களுக்கு இல்ல, வித்தியாசம் அவ்ளோ தான். 1971-ல ஜப்பான் நாகோயாவுல நடந்த உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப்புக்கு அப்புறம் அமெரிக்க டீம் சீனா போனதை பிங்பாங் ராஜதந்திரம்னு நீங்களே வருஷா வருஷம் எழுதுறீங்க, அதே வருஷங்கள்ல ஆப்பிரிக்காவுல யார் ஆடிட்டு இருந்தாங்கன்னு ஒரு வரி சேர்த்தா என்ன?

சியோல்ல கதவு திறந்தப்ப கானாவுலேர்ந்து பாட்ரிசியா ஓஃபெல் போய் பெண்கள் சிங்கிள்ஸ் ஆடினாங்க. எத்தெல் ஜாக்ஸ் மெடல் வாங்கி முடிச்சு 14 வருஷம் கழிச்சு.

இப்போ மேடைக்கு குறைச்சல் இல்ல, போய் சேர்றது தான் கஷ்டம். உலக ரேங்கிங்ல 12 மாசத்துல ஆடினதுல பெஸ்ட் எட்டு ரிசல்ட்டை தான் எடுப்பாங்க, அப்போ எட்டு டோர்னமென்டாவது போகணும், ஃபிளைட், விசா, ஹோட்டல், அதுக்கு மேல இறக்குமதி ரப்பர், தினமும் பிராக்டிஸ் பண்ணா அதுவும் சில மாசத்துல தேஞ்சிடும். பக்கத்து நைஜீரியாவோட ஃபுங்கே ஒஷோனைக்கே ஏழு ஒலிம்பிக்ஸ் ஆடினாங்க, 1996-லேர்ந்து டோக்கியோ வரைக்கும், அவங்க செட்டில் ஆனது ஜெர்மனியில, சும்மாவா போனாங்க? கானாவுல இருந்துகிட்டே அந்த லெவலுக்கு வர்றது எவ்ளோ கஷ்டம்னு இதுலயே தெரியும்.

2024 மார்ச்ல ஆப்பிரிக்க கேம்ஸ் அக்ராவுலயே நடந்துச்சு, போர்டேமான்ல புதுசா ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் எல்லாம் கட்டினாங்க. உங்க பேப்பர்ல வந்ததான்னு தேடிப் பாத்தேன், என் கண்ணுல படல, பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல சார். ஞாயித்துக்கிழமை ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கால் பக்கம். அக்ராவுல அவங்க ஆட்டத்தை நேர்ல பாத்தவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு சொன்ன பெரியவர் மாதிரி, அவங்க இருக்கும்போதே யாராவது ஒரு நிருபர் ஃபோன் போட்டு கேட்டா அட்டாக்கா டிஃபென்ஸாங்கற என் கேள்விக்காவது பதில் கிடைக்கும். போட்டீங்கன்னா பேரை மட்டும் சரியா எத்தெல்னு போடுங்க, போன மாசம் நீங்க ஒரு வீராங்கனை பேரை ஒரே செய்தியில மூணு விதமா போட்டதை இன்னும் வெட்டி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
அக்ராவுலேர்ந்து திரும்பி வந்த ஒரு வாசகர்